போன் வாசித்த நிபந்தனை

பரிமளாவின் புதிய போனில் பாட்டுக் கேட்கும் செயலியை ஏற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் விரல், வழக்கம்போல 'ஒப்புக்கொள்கிறேன்' மேல் இறங்கப் போனது.

"இருங்க, என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக்கறேன்" என்றாள் அவள். பார்வையற்ற அவளுக்காகத் திரையில் இருப்பதையெல்லாம் போன் உரக்க வாசிக்கும். நிபந்தனைகள் நீண்டுகொண்டே போயின. காத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். 'செயலி மூடியிருக்கும்போதும் உங்கள் பேச்சைப் பதிவுசெய்வோம்' என்று குரல் சொன்னதும் சலித்துக்கொண்டவர்கள் எல்லாரும் போனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாம பாட்டு கேக்கலாம்னு பார்த்தா, அது நம்மளையில்ல கேக்குது!" என்றார் ஒருவர்.

பரிமளா சிரித்தபடி 'மறுக்கிறேன்' என்பதைத் தொட்டாள். கடைக்காரர் இன்னும் விரலை நீட்டியபடியே நின்றிருந்தார். பிறகு தன் சொந்த போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எனக்கும் இந்தக் குரலை வச்சுக் குடுங்கம்மா."