ஆல்வேஸ் எங்கே வரும்?

'ஐ கம் ஆல்வேஸ் லேட்' என்று நோட்டில் எழுதினார் அப்பா.

"மறுபடியும் தப்பு. 'ஐ ஆல்வேஸ் கம் லேட்'. எத்தனை தடவைதான் சொல்லிக் குடுக்கிறது?" லீவில் வந்திருந்த மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மண்டைல ஏறலம்மா."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியாச்சு. இனிமே எதுக்குப்பா இங்கிலீஷ்?"

அப்பா நோட்டோடு உள்ளறைக்குப் போனார். மகளும் பின்னாலேயே போனாள்.

கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தாள். இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சுமில்லை, எதிலும் நாட்டமுமில்லை. அவள் மடியில் நோட்டை விரித்து, விரல்களுக்கிடையே சிவப்புப் பேனாவைச் செருகினார் அப்பா.

வெகுநேரம் கழித்துப் பேனா நகர்ந்தது. 'ஆல்வேஸ்' மேல் நடுங்கும் ஒரு வட்டம். அங்கிருந்து 'ஐ'க்குப் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி.

"ஒருநாள் சரியா எழுதிக் குடுத்தேன்," என்றார் அப்பா. "அன்னைக்கு அவ பேனாவையே தொடலம்மா."