டர்பன்டைன் வாசனை

"மனைவியின் மூச்சுத் தொல்லைக்காக எண்ணெய் வண்ணத்தையே கைவிட்ட கலைஞர்" என்று கண்காட்சிச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த மனைவிக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது.

அறையை ஒரு சுற்று வந்தால் ஓவியரின் முப்பத்தைந்து வருட உழைப்பும் வரிசையாகத் தெரிந்தது. வாசலருகே மூன்று பெரிய எண்ணெய் ஓவியங்கள். அடுத்து நீர்வண்ணம், அதற்கடுத்து கரிக்கோடு, கடைசிச் சுவரில் வெறும் கறுப்பு மை. வந்தவர்கள் எல்லாரும் அந்த முதல் மூன்றின் முன்னால்தான் நின்று உச்சுக்கொட்டினார்கள்.

"இதையே தொடர்ந்திருந்தா மனுஷன் எங்கயோ போயிருப்பாரு. வீட்டம்மாவுக்கு ஒத்துக்கலையாம், பாவம்" என்றார் ஒரு கண்ணாடிக்காரர். வீட்டம்மா தன் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. அவளுக்கு மூச்சுத் தொல்லை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு அப்போது ஆறு மாதம். ஓவியர் நாலாவது கேன்வாஸோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. பூச வேண்டும், காய வேண்டும், சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும் என்பார். பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க நேரமில்லாத மனுஷனை வெளியே இழுக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கதவருகே நின்று, எண்ணெய் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை தாங்க முடியவில்லை என்று சொல்லி நாலு இருமல் இருமி வைத்தாள்.

டாக்டரைப் பார்க்கலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ட்யூப், பாட்டில், சுரண்டும் கத்தி எல்லாம் மூட்டை கட்டி வெளியே போய்விட்டன. சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, நீர்வண்ணத்தில் ஒரு தொட்டிலை அரை மணி நேரத்தில் வரைந்து முடித்தார்.

என்ன அன்பு என்று அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள். பிறகு பேட்டிக்குப் பேட்டி அவர் அதையே சொல்லச் சொல்ல, அந்த அன்பே நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தாலும் அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

காட்சிக்கூடத்து மேலாளரம்மா ஒரு பெட்டியோடு ஓடி வந்தார். "வாசனையே இல்லாத ஆயில் கலர் வந்திருக்கும்மா! எங்க புது ஹால்ல ஒரு முழுச் சுவருக்கு சார் ஆயில்ல வரையணும். உங்களுக்கு ஒத்துக்குதான்னு மட்டும் மோந்து பாத்துச் சொல்லுங்க, இப்பவே மேடையில அறிவிச்சிடுவோம். மைக் சரியாயிடுச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்." பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

கரும்பு தின்னக் கூலியா என்று பக்கத்தில் நின்ற கணவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், அவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. இப்போதும் தனக்காகத்தான் தயங்குகிறார் என்று நினைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் இருமினது பொய்."

"என்னது?"

"எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. உங்கள வெளிய வர வைக்கத்தான் அப்படிப் பண்ணேன். முப்பது வருஷமா உங்க கையைக் கட்டிப் போட்ட பாவி நான். இனிமேலாவது ஆசை தீர ஆயில்ல வரைங்க!" அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஓவியரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த நாலாவது படம் எனக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லம்மா" என்றார் மெல்ல.

அதற்குள் மேலாளரம்மா பெட்டியிலிருந்து எடுத்த ஒரு ட்யூபின் மூடியைத் திருகித் திறந்தபடி சிரித்த முகமாக அவர்களை நெருங்கிவிட்டார். ஓவியர் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை இருமேன்!"