தூரத்திலிருந்தே தெரியும் நிறம்

"செவப்பு அடிங்க துவாரகன். இந்த ரோஸ் கலர் யாரு கண்ணுக்குத் தெரியுது?"

இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் யாத்திரை ஏற்பாடு செய்யும் சண்முகராஜா, கம்ப்யூட்டர் திரையிலிருந்த உலகப் படத்தை முறைத்தார். எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்த்தவுடன் புரிய வேண்டும். மதுரை யாத்திரைக்கு வாங்கிப்போட்ட டிக்கெட்டுகள் நாளைய திருவிழாவில் விற்காவிட்டால், கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

படம் வரைகிற துவாரகன் பெருமூச்சு விட்டான். காலையிலிருந்து நிறம் மாற்றியே அவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. "அப்ப இந்தியாவும் செவப்பாயிரும் மொதலாளி."

"ஆகட்டுமே! விசாவ நாமதான எடுத்துக் குடுக்கப்போறோம். விசா வேணுங்கிற நாட்டுக்குச் செவப்பு, வேணாங்கிற நாட்டுக்குப் பச்சை, போய் எறங்கி எடுக்கிறதுக்கு மஞ்சள். சின்னப் புள்ளைக்கும் வெளங்கும்."

அச்சடித்து வந்ததைக் கடை வாசலில் மாட்டி, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். சிவப்பு கண்ணைப் பறித்தது. சண்முகராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள், கொஸ்லந்தைப் பக்கம் புது வீட்டுத் திட்டத்தில் அம்மன் திருவிழா. அங்கே கூடாரம் போட்டுப் படத்தை மாட்டியதும் கூட்டம் சேர்ந்தது. பார்த்தவர்கள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். மத்தியானம் வரை ஒரு டிக்கெட்கூடப் போகவில்லை.

மதுரை மீனாட்சியைப் பார்க்க வேண்டும் என்று போன மாதம்தான் நச்சரித்த நல்லம்மாவும் நழுவப் பார்த்தாள். அவர் ஓடிப்போய் மறித்தார்.

"என்னம்மா, படம் வெளங்கலையா?"

"நல்லா வெளங்குதுங்க ஐயா. தூரத்துல வரப்பவே வெளங்கிருச்சு."

"பெறகென்ன? மதுரைக்கு வர வேண்டியதுதானே?"

நல்லம்மா எதிரே பாதி சரிந்து கிடந்த மலையைக் காட்டினாள். அவள் குரல் இறங்கியது.

"மண்சரிவு ஆபீஸ்காரங்க கொண்டாந்த படத்துல நாங்க இருந்த தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் இதே செவப்புதாங்க அடிச்சிருந்திச்சு. செவப்பு அடிச்ச எடத்துல ஒரு நாளும் இருக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்கள இங்க குடி வச்சாங்க. இப்ப மதுரைக்கும் நீங்களே செவப்ப அடிச்சிட்டு, எங்கள அங்க கூப்பிடுறீங்களே ஐயா?"