கரித்துணி

புகைக்கரியிலிருந்து மை செய்யும் வகுப்பு. கண்ணில் படும் கரியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பிரிசில்லா டீச்சர். ஒருவன் லாரியின் புகைக்குழாயைச் சுரண்டி வந்திருந்தான். இன்னொருத்தி பரோட்டாக் கடைச் சுவரை. பிசின் சேர்த்து அரைத்ததும் கிண்ணத்தில் மை பளபளத்தது.

கனிஷ்கா மட்டும் ஒரு துணியை நீட்டினாள். அவள் அம்மா செங்கல் சூளையில் மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளும் துணி.

“இதுல நெறைய இருக்கு மிஸ்.”

“ஐய, மூக்குத் துணிடி!” என்று கடைசி பெஞ்சில் சிரித்தார்கள்.

டீச்சர் துணியைப் பிரித்தார். புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“இதுல எதும்மா வெளிப்பக்கம்?”

“தெரியல மிஸ். பொகை படுற பக்கமும் கறுப்புதான், அம்மா இருமுற பக்கமும் கறுப்புதான். எதைச் சுரண்டணும்?”

சுரண்ட எடுத்த கரண்டி டீச்சரின் கையில் துணிக்கு மேலேயே நின்றது.

“சீக்கிரம் எடுத்துக்குங்க மிஸ். அது இல்லாம அம்மா வேலைக்குப் போவ முடியாது. வெளிய நிக்குது.”

ஜன்னலுக்கு அப்பால், முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஒரு பெண் இருமிக்கொண்டிருந்தாள். டீச்சர் துணியை இன்னொரு முறை புரட்டினார்.