அளக்காத குழிகள்

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் வாங்கிய நாற்பத்திரண்டு ரூபாய் முன்பணம் இன்னும் என் பேரில் நிற்கிறது. மஞ்சக்குட்டைச் சரிவில் காப்பி நாற்று நடத் தொண்ணூறு குழி வெட்டி முடித்துவிட்டேன். எஸ்டேட் பதிவில் பேரில்லாத எனக்குக் குழிக்கு அரை ரூபாய் கூலி. எல்லாம் தேறினால் கடன் போக மூன்று ரூபாய் கையில் நிற்கும். அதுதான் இன்றைய அரிசி. ரைட்டர் வந்து ஒன்றரை அடிக் கோலை இறக்கிப் பார்க்கும்வரை குழிகள் என் பொறுப்பு. மழை வலுக்கிறது. செம்மண் கரைந்து குழிக்குள் சரிகிறது. ஈயக் குவளையால் சேற்றை மொண்டு வீசுகிறேன். ஒன்றை இறைப்பதற்குள் அடுத்தது தூர்கிறது. மணி அடித்ததும் எஸ்டேட் பதிவில் பேருள்ள பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். "பெரியண்ணனுக்கு என்னங்க, மணியா மேஸ்திரியா? நெனச்சா வேலை, நெனச்சா ஊடு" என்கிறாள் ஆராயி. "நொம்பப் பெரிய ராசாதான் கண்ணு. ஒரு குழி இறைச்சுக் குடுத்துட்டுப் போ" என்கிறேன். சிரித்துக்கொண்டே நடக்கிறாள். மேட்டில் ரைட்டரின் குடை தெரிகிறது. குழி குழியாகக் கோலை இறக்கிக்கொண்டு வருகிறார். கடைசி ஆறில் ஆழம் போதவில்லை. "எம்பத்தி நாலு. கடன் நேராயிப்போச்சு பெரியண்ணா. இனி நீ யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்ல" என்று நோட்டில் என் பேரை அடிக்கிறார். அரிசிக்குக் கொண்டுவந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.