பித்தளை உருகாத தீ

ஏலக்காய் சலிக்கும் சல்லடையை வேலுச்சாமி மறுபடியும் உலுக்கினார். அதிலிருந்து உதிர்ந்தது அவருடைய வீட்டின் சாம்பல்.

நேற்று எல்லோரும் காயெடுக்கப் போயிருந்த நேரத்தில் எஸ்டேட் லயத்து வீடு எரிந்துபோனது. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி, மரப்பெட்டியில் வைத்திருந்த தங்கச் சங்கிலியைத்தான் விடிந்ததிலிருந்து தேடுகிறார். கை கொப்பளித்துவிட்டது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

“அதெல்லாம் உருகி ஓடியிருக்கும். விடுங்க” என்றாள் அவர் மனைவி சந்திரவல்லி.

“ஒரு பொட்டுத் தங்கமாச்சும் கெடைக்காதா?”

மகள் தமிழினி போடியிலிருந்து முதல் ஜீப்பைப் பிடித்து மலையேறி வந்திருந்தாள். அம்மாவுக்குச் சீட்டு விழுந்த புண்ணியத்தில் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள். அப்பா கூட உட்கார்ந்து சாம்பலைக் கிளறுவதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

அலுமினியச் சட்டி உருகி, அடை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது. பித்தளைக் குடமோ கரி பிடித்து, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் தமிழினிக்குச் சுருக்கென்றது.

அம்மாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

“அம்மா, அலுமினியம் அறுநூத்தி அறுபது டிகிரியில உருகிரும். பித்தளைக்குத் தொள்ளாயிரமாச்சும் வேணும். தங்கத்துக்கு ஆயிரத்தத் தாண்டணும். குடமே உருகாத தீயில சங்கிலி எப்படிம்மா உருகும்?”

சந்திரவல்லி சல்லடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“யாரோ எடுத்திருக்காங்க. தீய அணைக்க மொதல்ல உள்ள போனது பக்கத்து வீட்டுச் சுருளி மாமாதான? இரு, அப்பாட்டச் சொல்றேன். வெரசா போலீசுக்குப் போவோம்.”

திரும்பியவளின் கையைச் சந்திரவல்லி இறுகப் பற்றினாள்.

“ஐயோ, அந்த மனுசன் மேல பழியப் போட்டுறாத ஆத்தா. எனக்குச் சீட்டெல்லாம் ஒண்ணும் விழுகல.”

தமிழினிக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் அப்பா அடுத்த சல்லடைக்குச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்.

“ஒன்னைய இந்தப் பாடம் படிக்க வச்சதே அந்தச் சங்கிலிதான்டி.”