அமைதியான கழிமுகம்

கழிமுகச் சரணாலயத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு வாசலிலேயே கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டிவிடுவார்கள். அவற்றை மாட்டினால் கூழைக்கடா, நீர்நாய் எல்லாம் பளிச்சென்று தெரியும். உள்ளூர்க்காரர்கள் மட்டும் தெரிய மாட்டார்கள், அவர்கள் குரலும் கேட்காது. இயற்கையை ரசிக்க வந்த இடத்தில் அந்த மூஞ்சிகள் எதற்கு?

துடுப்புப் போடும் சிந்தாத்திரையின் மடியிலேயே, கணவரோடு படகேறிய ஒரு அம்மாள் பையை வைத்தாள். இதுகளுக்கெல்லாம் கண் ஒரு கேடு என்று சிந்தாத்திரை அதைத் தள்ளிவிட்டாள்.

எதிரே ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்த அவள் தம்பி ராயப்பனின் வள்ளம் கவிழ்ந்தது. கொடி காலைச் சுற்றிக்கொள்ள, "எக்கா! எக்கா!" என்று அலறினான்.

"அப்பா, என்ன அமைதி!" என்றாள் அம்மாள், அவனிருந்த பக்கமே பார்த்து.

சிந்தாத்திரை படகை விரட்டிப்போய் அவன் கையைப் பிடித்தாள். ஒற்றை ஆளாக இழுக்க முடியவில்லை. மறுகையால் அம்மாளின் கண்ணாடியையும் காதுக்கருவியையும் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள்.

"ஒரு கை புடிங்கம்மா, எந் தம்பி முங்கிருவான்!"

அம்மாள் அவளைப் பார்த்தாள். ராயப்பனையும் நன்றாகப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வேற கண்ணாடி இருக்கா?"